பொன்மஞ்சள் இருந்த கட்டம்

பர்ரிக்காவில் ஒருவன் லுத்தரன் கோயிலை விட்டுவிட்டுக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். கோதுமையை விட்டு மைசூர்ப் பருப்பு விதைத்தால் அறுவடை வரைக்கும் கேலி பண்ணுவார்கள். ஜெர்சியின் நிறத்தை மாற்றியவனை மட்டும் அவன் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். மாலி என்ற அந்த வறண்ட கோதுமைச் சீமையின் மனிதர்களுக்கு மழை எப்போது பெய்யும் என்பதில் உறுதி கிடையாது. நிறத்தில் உண்டு.

பர்ரிக்கா கிளப்புக்கு மெரூனும் பொன்மஞ்சளும். இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டில்மோர் கிளப்புக்கு ஆகாய நீலமும் வெள்ளையும். நூறு வருடமாக இரண்டு ஊரும் சனிக்கிழமை தோறும் ஆண்கள் கால்பந்திலும் பெண்கள் நெட்பாலிலும் முட்டிக்கொண்டு வந்தன. இப்போது முட்டிக்கொள்ளக்கூட ஆள் இல்லை. நாலு பண்ணையை ஒரே குடும்பம் வாங்கி ஒரே எந்திரத்தில் விதைத்துவிடுகிறது, மற்ற மூன்று குடும்பமும் கடலோர நகரங்களுக்குப் போய்விடுகின்றன. அந்தச் சீமையின் கால்பந்தில் களத்தில் இறங்கப் பதினெட்டுப் பேர் வேண்டும். பர்ரிக்காவில் தேறியது பதினொன்று, டில்மோரில் பதின்மூன்று.

ஒரு வருடம் கூட்டம் போட்டுப் பேசி, கடைசியில் இரண்டு கிளப்பும் ஒன்றாவது என்று முடிவாயிற்று. மெரூன், ஆகாய நீலம், வெள்ளை என்பது புது நிறம். பொன்மஞ்சளை விட்டுவிட வேண்டியதுதான். பர்ரிக்காவின் தலைவர் கெல்வின் ஹைனிக் அந்தக் கூட்டத்தில் எல்லோரும் தூக்கிய பிறகுதான் கையைத் தூக்கினார், அதுவும் தோள் உயரத்துக்கு. போட்டிகளை நடத்தும் லீகுக்குப் போக வேண்டிய இணைப்புப் படிவத்தில் அவர் கையெழுத்து இன்னும் விழவில்லை. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விழாவிட்டால் இந்த வருடம் இரண்டு ஊருக்கும் ஆட்டம் கிடையாது. ஒரு வருடம் நின்ற கிளப் மறுபடி எழுந்ததாக அந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

கெல்வினின் மனைவி ஜெனைன்தான் பர்ரிக்காவின் செயலாளர். திங்கட்கிழமை தோறும் நாற்பது ஜெர்சிகளைத் துவைத்து முள்கம்பி வேலியில் காயப்போடுகிறவள், பந்தய நாளில் கன்னத்தில் பொன்மஞ்சள் பூசிக்கொண்டு நடுவரைத் திட்டுகிறவள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம். பிறந்த ஊர் டில்மோர். இதை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, யாரும் மறப்பதுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வடகாற்று வீசிக்கொண்டிருந்தது. மார்ச் முடியப்போகிறது, ஒரு சொட்டு மழையில்லை. ஜன்னல் விளிம்பில் காலையில் துடைத்த இடத்தில் மறுபடி சிவப்புத் தூசி படிந்திருந்தது. கெல்வின் கொட்டகையில் விதைப்பு எந்திரத்துக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். மழை வராத நாட்களில் அவரால் சும்மா உட்கார முடியாது, அடித்த இடத்துக்கே மறுபடி அடிப்பார். ஜெனைன் சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். புது கிளப்புக்கு வெப்சைட் வேண்டும். பர்ரிக்காவின் பழைய தளத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில் பெயரையும் நிறத்தையும் மாற்றிவிடலாம் என்பது ஏற்பாடு.

பிரதி எடுக்க அந்தப் பண்ணை இணைப்பில் அரை மணி நேரமாகும். முதலில் பழைய தளத்திலேயே நிறத்தைப் பார்த்துவிடலாமே, சேவ் பண்ணாத வரைக்கும் வெளியே யாருக்கும் தெரியாது என்று அவளுக்குத் தோன்றியது. எடிட்டரின் ஓரத்தில் வண்ணத்தட்டு இருந்தது, ஆறு கட்டங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவளே நிரப்பியவை. முதல் கட்டத்தில் மெரூன், இரண்டாவதில் பொன்மஞ்சள், மீதியில் வெள்ளை, கறுப்பு, இரண்டு சாம்பல். தளத்தில் எந்தத் தலைப்பை, எந்தப் படச் சட்டத்தைப் பொன்மஞ்சளாக்க வேண்டுமென்றாலும் அந்த இரண்டாவது கட்டத்தைத்தான் தொட்டிருக்கிறாள். அதனால் கட்டத்தில் நிறத்தை மாற்றினால் தொட்ட இடமெல்லாம் சேர்ந்து மாறும். பக்கம் பக்கமாகப் போய்த் திருத்த வேண்டிய பாடில்லை.

ஆனால் எந்த ஆகாய நீலம்? கமிட்டித் தாளில் அந்த இரண்டு வார்த்தை மட்டும் இருந்தது. டில்மோரின் இன்றைய ஜெர்சியை நம்ப முடியாது. ஆழ்குழாய்த் தண்ணீரில் துவைத்துத் துவைத்துப் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஆகியிருந்தது. ஜெனைன் எழுந்துபோய்த் துணி அலமாரிக்கு அடியிலிருந்து ஓர் ஆல்பத்தை எடுத்து வந்தாள். எண்பத்தாறாம் வருடம், டில்மோர் நெட்பால் குழு. வளையம் மாட்டிய கம்பத்தின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் இப்போது டில்மோரின் செயலாளராக இருக்கும் ட்ரூடி, இருவருக்கும் பதினெட்டு வயது, மடிப்பு வைத்த குட்டைப் பாவாடை. படத்தை ஃபோனில் பிடித்து எடிட்டரில் ஏற்றி, நிறம் உறிஞ்சும் குறியைப் பாவாடைமேல் வைத்தாள். வெளுத்துப்போன இடத்தில் பச்சை கலந்த ஏதோ ஒன்று வந்தது. இன்னோர் இடத்தில் சாம்பல். கடைசியில் ஒரு மடிப்பின் உள்புறத்தில், வெயில் படாத ஓரத்தில் குறியை வைத்தபோது வந்துவிட்டது. அதே நீலம்.

அதை இரண்டாவது கட்டத்தில் வைத்தாள். எடிட்டர் கேட்டது: இந்த நிறம் நாற்பத்தாறு இடங்களில் உள்ளது, எல்லா இடத்திலும் மாற்றவா, இந்தப் பக்கத்தில் மட்டுமா?

எல்லா இடத்திலும் என்று சொன்னாள். முன்னோட்டம் விரிந்தது. முகப்பு, போட்டி அட்டவணை, மதிய உணவுப் பொறுப்புப் பட்டியல், எல்லாம் நீலம். ஜெனைனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படும் அளவுக்குச் சந்தோஷம். ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பார்த்தாள். போய்க்கொண்டே இருந்தவள் எண்பத்தேழாம் வருடத்துப் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தாள்.

அந்த வருடம் இறுதிப் போட்டியில் பர்ரிக்கா டில்மோரை ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. கடைசி உதையை உதைத்தவன் கெல்வினின் அண்ணன் கிரேம். அன்று ஜெனைன் கோல் கம்பத்துக்குப் பின்னால் தோற்ற ஊர்க்காரர்களோடு நின்று அழுதாள். அந்த வருட அறுவடையில், தானிய லாரி கவிழ்ந்து கிரேம் செத்துப்போனான். அவன் படத்தைச் சுற்றியிருந்த பொன்மஞ்சள் சட்டமும், கீழே பெயரும் தேதிகளும் இப்போது ஆகாய நீலத்தில் இருந்தன.

அவள் கை ரத்து செய்யத்தான் போயிருக்க வேண்டும். யார் பார்க்கப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலத்துக்குள் திருப்பிவிடலாம், ஒரு மத்தியானம் மட்டும் வெளியே இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூடப் பெரிய வார்த்தை. கை சேவ் பொத்தானை அமுக்கிவிட்டது, அவள் தடுக்கவில்லை.

அதற்குள் கெல்வின் ஜன்னலைத் தட்டினார். கிழக்கு மேய்ச்சலில் ஆட்டுத் தொட்டியின் மிதவை உடைந்து தண்ணீர் வீணாகப் போகிறது, வந்து வால்வைப் பிடி என்றார். சேற்றில் நின்று அதைச் சரிசெய்து வீடு திரும்ப ஆறு மணியாயிற்று. ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. மெர்வ். எண்பது வயது, தனிக்கட்டை, கிளப்பின் தளத்தை ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லாத மனுஷன். ஜெனைன் அந்த ஆளை மறந்தே போயிருந்தாள்.

கெல்வின்தான் எடுத்தார். "சொல்லு மெர்வ்... என்ன நீலம்?... யாரு மேல?" பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபோனை வைத்துவிட்டு, மெர்வ் அனுப்பிய படத்தைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜெனைனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"கிரேமுக்கு நீலம் பூசிட்டாங்க," என்றார்.

"யாரு?" என்று கேட்டுவிட்டாள் ஜெனைன். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் கைவிட்டுப் போயிற்று.

"யாரா? அந்த ட்ரூடிதான். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நீதானே அவளுக்கு பாஸ்வேர்ட் குடுத்த? ரெண்டு ஊருச் செயலாளரும் சேர்ந்து பாத்துக்கணும்னு. சாவியக் குடுத்தோம், வீட்டுக்குள்ள வந்து சுவத்துல சாயம் அடிச்சுட்டுப் போயிட்டா."

"நான் சரி பண்ணிடறேன்."

இரண்டு நிமிடத்தில் பொன்மஞ்சள் திரும்பி வந்துவிட்டது. அதுவே வினையாயிற்று.

"ரெண்டே நிமிஷத்துல சரியாகுதுன்னா, கை தவறிப் பண்ணியிருந்தா அவளே சரி பண்ணியிருப்பால்ல?" என்றார் கெல்வின். "வேணும்னேதான் பண்ணியிருக்கா. எண்பத்தேழ மறக்கல பாரு அவங்க."

திங்கட்கிழமை காலை, தட்டில் முட்டை ஆறிக்கொண்டிருக்க, டில்மோர் தலைவர் நெவிலுக்கு ஃபோன் போட்டார். காது சரியாகக் கேட்காததால் கெல்வின் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். ஜெனைன் பாத்திரத் தொட்டியருகே நின்றாள்.

"நெவில், உங்க ஆளு பண்ணின காரியத்தப் பாத்தியா?"

"பாத்தேன் கெல்வின். நானே ஆடிப்போயிட்டேன்."

"செத்தவன் படத்துல விளையாடலாமா? ஒண்ணா சேருறதுக்கு முன்னாடியே இப்படின்னா, சேந்தப்புறம் எங்கள என்ன பண்ணுவீங்க?"

"நான் ட்ரூடிகிட்ட கேட்டுட்டேன்ப்பா. நான் பண்ணேங்கல, பண்ணலங்கவும் இல்ல. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கன்னுகூடக் கேட்டேன். சும்மா நிக்கிறா."

"பண்ணாதவ ஏன் சும்மா நிக்கிறா? உன் படிவத்த நீயே வச்சுக்க. நான் போடல."

"டேய், புதன்கிழமை கடைசிடா. இருபத்துநாலு பயலுக ஷூவ எடுத்துத் தொடச்சு வச்சிருக்கானுங்க."

"தொடச்சத மறுபடி பரண்மேல போடச் சொல்லு."

ஜெனைன் ஒரே டம்ளரை மூன்று தடவை கழுவினாள். ட்ரூடி ஏன் பேசவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. நான் பண்ணவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தை ஊரே கண்டுபிடித்துவிடும். சொல்லிவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது, சொல்லித் தொலைக்கமாட்டாளா என்றும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு வேலையையும் முழுதாகச் செய்யவில்லை. பூசணி ஸ்கோனுக்கு மாவு பிசைந்து அடுப்பில் வைத்துவிட்டுக் கோழிகளைப் பார்க்கப் போனாள். கருகிய வாசனைக்குத் திரும்பி வந்தாள். தபால் நிலையத்தில் கவுண்டர்க்காரி, "டில்மோர்க்காரங்க புத்தியே இப்படித்தான்" என்று தொடங்கிவிட்டு, ஜெனைன் முகத்தைப் பார்த்து, "உன்னச் சொல்லலம்மா, நீ நம்ம ஊரு" என்று சேர்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள், மூடினாள். கெல்வின் எதிரே வரும்போதெல்லாம் சொல்லிவிட வாயெடுத்தாள். அவர் ஒவ்வொரு தடவையும் மழையைப் பற்றி ஏதாவது கேட்டார்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே போனாள். ஆட்டுக்கறியும் ஊறுகாயும் வைத்த ரொட்டி, பழக் கேக், ஃபிளாஸ்கில் டீ. கெல்வின் எந்திரத்தின் அடியில் படுத்திருந்தார், பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தப் பூட்ஸைப் பார்த்துப் பேசுவது சுலபம் என்று அவளுக்குத் தோன்றியது.

"கெல்வின், ஞாயித்துக்கிழமை அத ட்ரூடி பண்ணல."

"பின்ன?"

"நான்."

அடியில் சத்தம் நின்றது. அவர் மெதுவாக வெளியே வந்து உட்கார்ந்தார்.

"தெரியாம கை பட்டுடுச்சா?"

அவரே திறந்துவிட்ட வழி. ஆமாம் என்றால் முடிந்தது, அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இல்ல. மாத்திப் பாத்தேன். கிரேம் பக்கத்தையும் பாத்தேன். பாத்த பிறகும் சேவ் பண்ணேன்."

"எதுக்கு?"

"அழகா இருந்துச்சு."

"என் அண்ணன் மேல அந்தக் கலரு உனக்கு அழகா இருந்துச்சு."

"கிரேமச் சொல்லல. என் கலரு எங்கயாவது ஒரு எடத்துல இருக்கணும்னு இருந்துச்சு. ஒரு மத்தியானம் போதும்னு நெனச்சேன். நீ ட்ரூடியச் சொன்னப்ப வாயத் தொறக்காம நின்னேன் பாரு, அதுதான் பெரிய தப்பு. அத நெனச்சா எனக்கே என்னப் புடிக்கல."

கெல்வின் டீயை மூடியில் ஊற்றினார். குடிக்காமல் மண்ணில் கொட்டினார். "வண்டில ஏறு," என்றார்.

இருபத்திரண்டு கிலோமீட்டரும் அவர் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினார். சாலையோரத்தில் வடகாற்று உருட்டி வந்த முட்புதர்கள் வேலிகளில் ஒட்டிக் கிடந்தன. திட்டினாலும் தேவலையே என்று ஜெனைன் ஏங்கினாள். வீட்டை விட்டு அனுப்பவே கூட்டிப்போகிறாரோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்துவிட்டாள்.

டில்மோர் கிளப் கட்டடத்தின் கேன்டீனில் ட்ரூடி, இறைச்சி அடைத்த 'பை' பலகாரத்தைச் சூடாக்கும் கண்ணாடிப் பெட்டியை இரும்பு நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டமே இல்லையென்று ஆன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள். நெவில் மேசையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு காவல் காப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அவருடைய கையெழுத்து, மறுபக்கம் வெற்றுக் கோடு.

கெல்வின் தொப்பியைக் கழற்றினார். "ட்ரூடி, உன்னத் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்க. தப்பு எங்க வீட்டுல நடந்தது. நான்தான் அந்தக் கம்ப்யூட்டர்ல எதையோ அமுக்கிட்டேன்."

ஜெனைன் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். இதை எதிர்பார்த்து அவள் வரவில்லை.

ட்ரூடி நாரைக் கீழே வைத்தாள். "நீயா? ஃபோன்ல டார்ச்ச அணைக்கத் தெரியாம ரெண்டு நாளு சட்டப் பைல எரியவிட்டுக்கிட்டு அலைஞ்சவன் நீ. கலரு மாத்தினியாக்கும்."

"நான்தான்னு சொல்றேன்ல."

"ட்ரூடி," என்றாள் ஜெனைன். "நான் பண்ணேன். வேணும்னே பண்ணேன்."

"தெரியும்டி."

"எப்படித் தெரியும்?"

"யாரு, எத்தன மணிக்கு, என்ன மாத்தினாங்கன்னு அந்த எடிட்டர்லயே பட்டியல் இருக்குல்ல? ஞாயிறு மூணு பத்து, ஜெனைன். ஆறே கால், ஜெனைன். திங்கக்கிழமை நெவில் வந்து குதிச்ச ஒடனே போய்ப் பாத்துட்டேன்."

நெவில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அடிப்பாவி, மூணு நாளா இந்த ஊரே உன்னப் போட்டு வறுத்துச்சு. நானும் சேந்து வறுத்தேன். வாயத் தொறந்திருந்தா படிவம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும்ல?"

"முடிஞ்சிருக்கும். நீ இவனுக்கு ஃபோன் போட்டு, உன் பொண்டாட்டிதான்யா அதுன்னு சொல்லியிருப்ப." ட்ரூடி கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "ஆட்டம் இல்லன்னா சனிக்கிழமை வீட்டுல உக்காந்துக்கலாம். இவ தினமும் அந்த வீட்டுலதானே சாப்பிடணும்."

ஜெனைனுக்கு அழுகை வந்துவிட்டது. எண்பத்தேழில் கம்பத்துக்குப் பின்னால் அழுததைப் போல யாருக்கும் தெரியாமல் அழ இங்கே இடமில்லை, எல்லோர் முன்னாலும் நின்று அழுதாள். கெல்வின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இருபத்தொம்பது வருஷம்," என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு. "ஒரு தடவகூட நீ உன் கலரப் பத்திப் பேசினதில்லையே ஜெனைன்."

"நீ கேட்டதில்லையே கெல்வின்."

தகரக் கூரை காற்றில் படபடத்தது. கெல்வின் படிவத்தைத் தன் பக்கம் திருப்பினார். நெவில் பேனாவைக் கொடுத்தார், அவர் வாங்கி வைத்துக்கொண்டார், எழுதவில்லை.

"கிரேம் பக்கத்த இனிமே நீ தொட வேணாம்," என்றார் மனைவியிடம்.

ஜெனைன் தலையை ஆட்டினாள். அது நியாயம்தான் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் வலித்தது.

"அத எப்படிப் பாத்துக்கறதுன்னு எனக்குச் சொல்லிக்குடு. மத்த பக்கத்துக்கெல்லாம் என்ன நீலம் வேணுமோ அத நீ வை."

"சொல்லித் தர்றேன்," என்றாள் அவள்.

"பொறுமையாச் சொல்லித் தரணும்."

"தர்றேன்."

அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார். தாள் முழுக்கக் கிரீஸ் விரல் தடம் ஒட்டியது. நெவில் அதைத் துடைக்கப் பார்த்து இன்னும் கொஞ்சம் பரப்பினார், பிறகு அப்படியே மடித்து உறையில் போட்டுக்கொண்டு, மணி மூன்றாகிறது, லீக் ஆபீஸுக்கு எண்பது கிலோமீட்டர் என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கு ஓடினார்.